படிக்காதவனுக்குப் பட்டறையில் இடமில்லை



"இவனுக்குப் படிப்பு ஏறாது. பேசாமல் ஒரு காடிப் பட்டறையில் சேர்த்து விடுங்கள்."

இந்த வாக்கியத்தை ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். கோவில் திருவிழாவில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் கேட்டிருக்கிறேன். சில வேளைகளில் பையனை எதிரில் நிறுத்தி வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். ஆறாம் ஆண்டுப் பையன், பன்னிரண்டு வயது. ஒருவன் தலையைக் குனிந்து கொள்கிறான். இன்னொருவனோ, 'அப்பாடா, அங்கே புத்தகம் இல்லை' என்று உள்ளுக்குள் மகிழ்ந்து போகிறான். எனக்கு அதிகம் கவலை தருபவன் இந்த இரண்டாமவன்தான்.

ஏனெனில் அந்த ஒற்றை வாக்கியத்தில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. பட்டறை என்பது எதற்கும் உதவாதவர்கள் ஒதுங்கும் இடம் என்பது முதல் பொய். அங்கே வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை என்பது இரண்டாம் பொய். முதற்பொய் உழைக்கும் மனிதர்களை இழிவுபடுத்துகிறது. இரண்டாவது, ஒரு குழந்தையின் எதிர்காலத்தையே ஏமாற்றுகிறது. இந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொண்டிருப்பவர்களோடு வாதாடவே இப்பதிவு.

இடையில் ஒரு வேடிக்கையையும் சொல்லி விடுகிறேன். ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் எத்தனை 'பட்டறை'களுக்குப் போகிறோம்! தேர்வு வழிகாட்டிப் பட்டறை, கவிதைப் பட்டறை, கற்றல் கற்பித்தல் பட்டறை. குளிரூட்டிய அறை, திரையில் படவில்லைகள், பத்து மணிக்கு மீகூனும் தேநீரும். அந்தப் பட்டறைக்குப் போய் வந்தால் நற்சான்றிதழ். எண்ணெய்க் கறை படிந்த பட்டறைக்குப் போனால் மட்டும் அவமானமாம். சொல் ஒன்றுதான், ஐயா!

பத்தாங் காலியில் வாழும் நாம் இதைப் பேசுவதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. நம் ஊருக்குத் தெற்கே, ரவாங் வட்டாரத்துச் சுங்கை சோவில் பெரோடுவா தொழிற்சாலை இருக்கிறது. கன்சில் 1994-ஆம் ஆண்டு பிறந்தது அங்கேதான். வடக்கே, அதே பழைய கூட்டரசுச் சாலையில் போனால், தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தொழிற்சாலை. அதே தஞ்சோங் மாலிமில்தான் 1922-இல் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்று அது பல்கலைக்கழகம். ஆசிரியர்களை உருவாக்கும் நகரமும் மகிழுந்துகளை உருவாக்கும் நகரமும் ஒன்றாகவே இருக்கின்றன. இவ்விரு தொழிற்சாலைகளுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு, மகிழுந்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமலேயே பிள்ளைகளின் விதியை நாம் எழுதிக் கொண்டிருக்கிறோம்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு 'போமன்' என்ற சொல் தெரிந்திருக்கும். ஆங்கிலேயன் 'போர்மன்' என்றதை நாம் போமன் ஆக்கிக் கொண்டோம். தோட்டத்து லாரியையும் டிராக்டரையும் பழுதுபார்த்த அம்மனிதர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் இருந்தவர்கள் அல்லர். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவின் முன்மூடியைத் திறந்தால் உள்ளே தரை தெரியும். அவ்வளவு இடம் இருக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்க ஒரு கார்புரேட்டர். பொறியை உரிய நேரத்தில் பகிர்ந்தளிக்க ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். போமன் அண்ணன் இயந்திரத்தை ஓடவிட்டு, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்பார். ஒரு திருப்புளியால் கால் சுற்று திருப்புவார். சீராகி விடும். அவர் காதால் வாசித்தார், மூக்கால் வாசித்தார். அதுவும் ஒரு கல்விதான். ஆனால் எழுத்து வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் 'படிக்காதவனுக்குப் பட்டறை' என்று சொன்னதில் பாதி உண்மையாவது இருந்தது.

அந்தக் காலம் போய் விட்டது. நம் வாய் மட்டும் இன்னும் அந்தச் சாகாவிலேயே போய்க் கொண்டிருக்கிறது.

இன்றைய மகிழுந்தில் கார்புரேட்டர் இல்லை. எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, இயந்திரம் எவ்வளவு சூடாக இருக்கிறது, புகைக்குழாயில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்பவற்றையெல்லாம் சென்சர் எனப்படும் உணரிகள் அளந்து ஒரு கணினிக்குச் சொல்கின்றன. அந்தக் கணினி, நொடிக்குப் பலமுறை கணக்குப் போட்டு, எத்தனை பெட்ரோல் தெளிப்பது என்று முடிவு செய்கிறது. 14.7 பங்கு எடையுள்ள காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது அது நாடும் விகிதம். நிறுத்துக் கருவிக்கு ஒரு கணினி, காற்றுப் பைகளுக்கு ஒன்று, திசைமாற்றிக்கு ஒன்று, பல்லிணைப் பெட்டிக்கு ஒன்று என, ஒரு வண்டிக்குள் ஒரு சிறிய அலுவலகமே நடக்கிறது. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள இரண்டு முறுக்கிய கம்பிகள். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகம் செய்த 'கேன்' என்னும் முறை அது.

"அதுதான் கணினியே எல்லாவற்றையும் சொல்லி விடுமே! கருவியைச் செருகினால் எது கெட்டுப் போனது என்று தெரிந்து விடுமே!" என்பார்கள். படித்தவர்களே இப்படிச் சொல்வதுதான் வியப்பு.

உண்மை வேறு. திசைமாற்றிக்குக் கீழே பதினாறு முனைகள் கொண்ட ஒரு செருகுவாய் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய மகிழுந்துகளிலும், ஐரோப்பாவில் 2001 முதல் புதிய பெட்ரோல் மகிழுந்துகளிலும் அந்த ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. எதற்காக? பழுதுபார்ப்பவருக்கு உதவ வேண்டும் என்ற கருணையால் அன்று. நகரங்களின் காற்று கெட்டுப் போனதால். வண்டி கெட்ட புகையை விடுகிறதா என்று தன்னைத் தானே கண்காணிக்கச் செய்வதே அதன் நோக்கம். ஆகவே அது காட்டும் குறியீடு நோய்க்குறியைச் சொல்லுமே தவிர, கெட்டுப்போன உறுப்பின் பெயரைச் சொல்லாது.

இதை நான் காசு கொடுத்துக் கண்டறிந்தேன். என் மகிழுந்தில் இயந்திர எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஊர்ப்பெயரும் கடைப்பெயரும் வேண்டாம். ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். (என்னிடம் விளக்கம் சொல்லாமல், "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார்கள். அது வேறொரு பதிவுக்கு உரியது.) கருவியைச் செருகினார்கள். 'பி0171' என்று வந்தது. "ஆக்சிஜன் சென்சர் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, 480 வெள்ளிக்குப் புதியது மாட்டி, விளக்கை அணைத்து அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. "அப்படியென்றால் பெட்ரோல் பம்பு" என்றார்கள். அவர்கள் பட்டியலில் அடுத்து இருந்தது அதுதான் போலும்.

நான் வண்டியை எடுத்துக் கொண்டு, உலு யாம் போகும் பக்கத்தில் ஒரு தம்பியிடம் போனேன். முப்பது வயதைத் தாண்டியவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். பின்னர் அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகத்தில் பயின்றவர். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து திரையை வாசித்தார்.

"டீச்சர், கோட் வந்து குத்தவாளி பேரச் சொல்லாது. எந்த வீட்டுல சண்டைன்னு மட்டும்தான் சொல்லும்" என்றார்.

பி0171 என்பதை எழுத்தெழுத்தாக விளக்கினார். 'பி' என்றால் இயந்திரமும் உந்துவிசையும் சார்ந்தது. அடுத்த சுழியம், இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும். அடுத்த ஒன்று, காற்றும் எரிபொருளும் பற்றியது என்பதற்கு. கடைசி இரண்டு எண்களும் சேர்ந்து, கலவையில் பெட்ரோல் போதவில்லை, காற்று மிகுந்திருக்கிறது என்று பொருள் தரும். காற்று ஏன் மிகுந்தது? எங்கோ ஒழுகி உள்ளே வரலாம். காற்றை அளக்கும் உணரி அழுக்கேறிக் குறைவாக அளக்கலாம். பம்பு களைத்திருக்கலாம். தெளிப்பான் அடைத்திருக்கலாம். ஒரே மதிப்பெண், நான்கைந்து காரணங்கள்.

அடுத்து, கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டித் தெளிக்கிறது என்ற கணக்கைப் பார்த்தார். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது 22 விழுக்காடு. நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றிப் பிடித்தபோது அது 5-க்கு இறங்கியது. "பாத்தீங்களா? பம்பு கெட்டிருந்தா, வேகம் கூடக் கூட இது ஏறணும். இங்க எறங்குது. எங்கயோ சின்னதா ஓட்டை. நிக்கும்போது உள்ள வர்ற காத்தே கொஞ்சம். அதனால ஓட்டை பெருசாத் தெரியுது. வேகத்துல காத்து நெறைய வரும்போது அந்த ஓட்டை ஒண்ணுமில்லாமப் போயிடுது." பிறகு ஒரு கருவியால் காற்று உள்ளே போகும் வழியில் புகையைச் செலுத்தினார். கைக்கு எட்டாத ஓர் ஆழத்தில், ஒரு ரப்பர்க் குழாயின் வளைவிலிருந்து மெல்லிய நூலாகப் புகை எழுந்தது. குழாயின் விலை 18 வெள்ளி.

ஆக்சிஜன் உணரி முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக் கொண்டிருந்தது. உண்மை சொன்னதைக் கழற்றி எறிந்து விட்டு, அதே உண்மையைச் சொல்லப் புதிதாக ஒன்றை 480 வெள்ளிக்கு வாங்கினோம்!

ஆசிரிய நண்பர்களே, இந்தக் கதை உங்களுக்கு எங்கோ கேட்டதாகத் தோன்றவில்லையா? கணிதத்தில் 38 மதிப்பெண். உடனே, "பிரத்தியேக வகுப்புக்கு அனுப்புங்கள்." பையனுக்குக் கரும்பலகை தெரியவில்லையா, வாய்பாடு தெரியவில்லையா, வினாவை வாசித்துப் பொருள் கொள்ளத் தெரியவில்லையா, வீட்டில் இரவு உறக்கம் இல்லையா? பாகத்தை மாற்று, விளக்கை அணை, அனுப்பு. ஒன்பதாம் நாள் மீண்டும் எரியும். நல்ல போமனிடம் நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இன்னொரு நாள் அவர் பட்டறையில் கண்டதையும் சொல்கிறேன். ஒரு வண்டி குலுங்கிக் குலுங்கி ஓடியது. குறியீடு பி0302: இரண்டாம் உருளையில் பொறி சரியாகப் பற்றவில்லை. ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே ஒரு மின்சுருள், அதாவது காயில், இருக்கும். அவர் இரண்டாவதன் சுருளைக் கழற்றி மூன்றாவதற்கு மாற்றினார். மூன்றாவதன் சுருளை இரண்டாவதற்கு. வேறு எதையும் தொடவில்லை. வண்டியை ஓட்டிப் பார்த்தார். இப்போது குறியீடு பி0303. பழுது சுருளோடு சேர்ந்து நகர்ந்து விட்டது. ஆகவே சுருள்தான் குற்றவாளி. நகராமல் இரண்டாவதிலேயே நின்றிருந்தால்? சுருள் நிரபராதி. அடுத்து பிளக், அதற்கடுத்து தெளிப்பான், பின்னர் உருளையின் அழுத்தம்.

ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை, விளைவைக் கவனி. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி! அறிவியல் வகுப்பில் நாம் மாணவர்களைப் பாடாய்ப் படுத்தி எழுத வைக்கும் அதே மூன்று மாறிகள். "டீச்சர், இது எதுக்கு?" என்று கேட்கும் பையனுக்கு, 'தேர்வில் வரும்' என்பதைத் தவிர நாம் வேறு பதில் சொல்வதில்லை. பதில் பத்து நிமிடத் தொலைவில், எண்ணெய் படிந்த தரையில் இருக்கிறது.

மின்சுற்றுப் பாடமும் அப்படியே. வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் அந்த இரு கம்பிகளின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் இணைச்சுற்றில் இருப்பதால், மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. ஒரு மலிவான அளவுமானியும் இணைச்சுற்றுப் பாடமும் போதும். பெரிய பெரிய கருவிகள் குழம்பி நிற்கும் இடத்தில் விடை கிடைத்து விடும். ஆனால் அந்தப் பாடம் மனத்தில் நின்றிருக்க வேண்டும்.

பழைய வண்டிகளே நல்லவை என்று பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி அல்லள். அதிகாலைக் குளிரில் சோக்கை இழுத்து இழுத்துக் கிளப்பியதையும், பின்னால் வருபவர் மூக்கைப் பொத்திக் கொண்டதையும் மறந்து விட்டு ஏங்குவதில் பொருளில்லை. இன்றைய வண்டி குறைவாகப் புகைக்கிறது, குறைவாக நின்று போகிறது, மோதினால் உயிரைக் காக்கிறது. ஆனால் பழுதாகும்போது அது கேட்கும் அறிவு வேறு.

எரிச்சல்களும் இல்லாமல் இல்லை, கொஞ்சமா என்ன? ஐந்து வெள்ளிப் பொருளை அடைய ஐம்பது பிளாஸ்டிக் கவ்விகளைக் கழற்ற வேண்டும். அவற்றில் மூன்றாவது உடையாமல் வராது. வந்து வந்து போகும் பழுதுகள் இன்னும் கொடுமை: வீட்டில் எரியும் விளக்கு பட்டறையில் எரியாது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். நீர் வடிந்த பிறகும் இத்தகைய வண்டிகளின் துன்பம் தீர்வதில்லை. இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழேயும் செல்லும் கம்பி இணைப்புகளுக்குள் நீர் தங்கி, பச்சைப் பாசிபோல் செம்பு அரித்து, மாதங்கள் கழித்து ஒரு நாள் காற்றுப்பை விளக்கு எரியும். அந்த ஒரு முனையைக் கண்டுபிடிக்க ஒருவன் கம்பி வரைபடத்தை வைத்துக் கொண்டு இரண்டு நாள் உட்கார வேண்டும். இரண்டு நாள் தேடியதற்குக் கூலி கேட்டால், "ஒரு வயரைத்தானே துடைத்தாய்?" என்று நாமே பேரம் பேசுவோம்.

பூட்டுகளையும் சொல்ல வேண்டும். இன்றைய பல வண்டிகளில் ஒரு கணினிப் பெட்டியை மாற்றினால் மட்டும் போதாது. அதை வண்டியோடு 'அறிமுகம்' செய்து வைக்க வேண்டும். அந்த அனுமதி தயாரிப்பாளரின் கையில். முன்கண்ணாடியை மாற்றினால், அதன் பின்னால் உள்ள கேமராவை மீண்டும் நேர்ப்படுத்த வேண்டும். அதற்கும் தனிக் கருவி, தனி வழிமுறை. தயாரிப்பாளர்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டுகிறார்கள். அதை முற்றாக ஒதுக்க முடியாது. 2015-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் ஓடிக் கொண்டிருந்த ஒரு ஜீப்பை இணையம் வழியே தொலைவிலிருந்து கட்டுப்படுத்திக் காட்டினர். 14 இலட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஆனால் திருடனுக்குப் பூட்டுவது வேறு, போமனுக்குப் பூட்டுவது வேறு. மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-லும், மறுபடி 2020-லும் வாக்களித்துப் பழுதுபார்க்கும் உரிமையைக் கேட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2022 சூலை முதல், பழுதுபார்க்கும் தகவலைத் தனியார் பட்டறைகளுக்கும் நியாயமான விலையில் தந்தாக வேண்டும் என்பது சட்டம். நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 37-ஆம் பிரிவில், பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. பாகம் கிடைக்கும், அதை வண்டியோடு பேச வைக்கும் தகவல்? அதைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. நம் பயனீட்டாளர் சங்கங்கள் அரிசி விலைக்கும் எண்ணெய் விலைக்கும் கொடுக்கும் குரலில் கொஞ்சம் இதற்கும் கொடுக்கலாம்.

இத்தனை இடர்களுக்கிடையிலும் அந்தத் தம்பி ஏன் இந்த வேலையில் இருக்கிறார்? கேட்டேன். வார்த்தையால் விடை சொல்லவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பள்ளிப் பயிற்சி நூலை எடுத்துக் காட்டினார். கோடு போட்ட, நாம் கட்டுரை எழுதக் கொடுக்கும் அதே நூல். தாம் கண்டுபிடித்த ஒவ்வொரு பழுதையும் அதில் எழுதி வைத்திருக்கிறார், தமிழில். 'நிற்கும்போது கூடுதல், வேகத்தில் குறைவு: காற்று ஒழுகல்.' 'மழை நாளில் மட்டும் வரும்: இடப்பக்க விளக்கின் பின் இணைப்பு.' 'மூவர் பார்த்து விட்ட வண்டி. நான்காம் நாள் கிடைத்தது.' இந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். ஒரு கடினமான கணக்கின் விடைக்குக் கீழே நம் மாணவன் இழுப்பானே, அப்படி!

அந்த மகிழ்ச்சியை எந்தச் சம்பளப் பட்டியலிலும் காண முடியாது. மூன்று பேர் கைவிட்டதை நான்காவது ஆளாகப் பார்த்து, ஊகித்து, சோதித்து, மெய்ப்பித்து, விளக்கு அணைந்து, பிறகும் எரியாமல் இருப்பதைக் காணும் நிறைவு அது. மகிழுந்து என்று பெயர் வைத்தவர் ஓட்டுபவரின் மகிழ்ச்சியை எண்ணி வைத்திருப்பார். பழுது கண்டுபிடிப்பவனுக்கும் அப்பெயரில் பங்குண்டு.

அவர் குறை ஒன்றே ஒன்றுதான். உதவிக்கு ஆள் கிடைக்கவில்லை. "கை வேல செய்ற பையனுங்க நெறைய பேரு வர்றாங்க டீச்சர். நல்ல பையனுங்கதான். ஆனா ரெண்டு பக்கம் உக்காந்து படிக்கிற பையன்தான் கெடைக்க மாட்டேங்கிறான்."

வருகிறவர்கள் யார்? நாம் அனுப்பியவர்கள்! 'படிப்பு ஏறாது' என்று சொல்லி நாம் தள்ளிவிட்டவர்கள். அவர்கள் வண்டி கழுவுகிறார்கள், டயர் மாற்றுகிறார்கள், கறுப்பு எண்ணெய் மாற்றுகிறார்கள். ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு. திரையில் வருவது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது, வாசிக்க முடியவில்லை. வரைபடத்தின் கோடு எந்தப் பக்கத்தில் தொடர்கிறது என்று தேடத் தெரியவில்லை. முதலாளி திட்டுகிறார். பையன் ஒரு நாள் வராமல் போகிறான். அதன்பின் அவன் எங்கே போகிறான், யாரோடு நிற்கிறான் என்று நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் வாழும் பெற்றோர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒருவர் எழுந்து, "பார்த்தீர்களா, அதனால்தான் தமிழ்ப்பள்ளிக்கே அனுப்பக் கூடாது" என்பார். இந்த வாதத்தைப் பல வடிவங்களில் கேட்டுச் சலித்து விட்டேன். அந்தப் பயிற்சி நூலை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் எண்ணி, தமிழில் எழுதி வைத்துக் கொண்டவர் அவர். ஒரு மொழியில் ஆழ்ந்து வாசிக்கக் கற்றவன் அடுத்த மொழிக்கு அந்தப் பழக்கத்தைச் சுமந்து செல்கிறான். எந்த மொழியிலும் வாசிக்காதவனுக்கு எந்தப் பள்ளியும் பயன்படவில்லை என்றே பொருள். மலாயும் ஆங்கிலமும் வேண்டும், மறுக்கவில்லை. அதற்கான அடித்தளத்தை முதலாம் ஆண்டிலும் இரண்டாம் ஆண்டிலும் நாம் போடுகிறோமா, குறைநீக்கல் வகுப்பை வேறு வேலைக்கு எடுத்துக் கொள்கிறோமா என்பதே நம்மை நோக்கிய வினா.

மின்சார மகிழுந்துகளும் வந்து விட்டன. 2024 டிசம்பரில் புரோட்டோனே தன் முதல் மின்மகிழுந்தை வெளியிட்டது. அவ்வண்டிகளில் செம்மஞ்சள் நிறக் கம்பிகளைக் காணலாம். அந்நிறம் உயர் மின்னழுத்தத்துக்கான எச்சரிக்கை. நூற்றுக்கணக்கான வோல்ட். எந்த வரிசையில் துண்டிப்பது, எத்தனை நிமிடம் காத்திருப்பது, எந்தக் கையுறை அணிவது என்பதெல்லாம் கையேட்டில் எழுதியிருக்கும். அதை வாசிக்காமல் கை வைப்பவனுக்கு விளக்கு எரிந்து எச்சரிக்கை கிடைக்காது. உயிரே போய் விடும். 'படிப்பு வராதவனை' இங்கேயா அனுப்பப் போகிறோம்?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு இயந்திரத்தில் உண்மையான ஆர்வம் இருந்தால் அது பெரும் பேறு. மிதிவண்டியைக் கழற்றிப் போடுபவனைத் திட்டாதீர்கள்; திரும்பப் பூட்டச் சொல்லுங்கள், எப்படிப் பூட்டினான் என்று பத்து வரி எழுதச் சொல்லுங்கள். மூத்தவன் இடைநிலைப் பள்ளியை முடிக்கும் வயதில் இருந்தால், தெரிந்தவர் பட்டறையில் சும்மா சேர்த்து விடாமல், மலேசியத் திறன் சான்றிதழுக்கு வழி தேடுங்கள். 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அச்சான்றிதழுக்கு மூன்று நிலைகள். அதற்கு மேல் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும் உண்டு. மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்கள், இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சின் திறன் பயிற்சிக் கழகங்கள், கியாட்மாரா ஆகியவை இருக்கின்றன. வேலை செய்துகொண்டே கற்கும் இரட்டைப் பயிற்சித் திட்டமும் 2005 முதல் நடைபெறுகிறது. ஏற்கெனவே பல ஆண்டுகள் பட்டறையில் உழைத்தவர், தம் வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் காட்டிச் சான்றிதழ் பெறவும் வழியுண்டு. இது பல போமன்களுக்கே தெரியவில்லை. உங்கள் தெருவில் ஒருவர் இருந்தால் சொல்லுங்கள்.

சேர்க்கும் முன் அங்கே நேரில் போய்க் கேளுங்கள். பயிற்சிக்கு எந்த ஆண்டு வண்டிகளை வைத்திருக்கிறீர்கள்? கன்சிலும் பழைய சாகாவும் மட்டுமே நின்றால் யோசியுங்கள். கம்பி வரைபடம் வாசிக்கக் கற்றுக் கொடுப்பவர் யார்? மின்மகிழுந்துப் பாதுகாப்புப் பயிற்சி உண்டா? முடிக்கும்போது எந்த நிலைச் சான்றிதழ்? கட்டடத்தையும் கட்டணத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி விடாதீர்கள்.

என் அளவில் ஒன்று செய்திருக்கிறேன். ஐந்தாம் ஆண்டு மின்சுற்றுப் பாடத்துக்கு அந்தத் தம்பியைப் பள்ளிக்கு அழைத்து வர அனுமதி கேட்டிருக்கிறேன். கெட்டுப்போன இரண்டு மின்சுருள்கள், ஓர் அளவுமானி, தம் பயிற்சி நூல் ஆகியவற்றோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலும் பேச அவருக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குமாறு எழுதிக் கொடுத்து விட்டேன். நிகழ்ச்சி நிரலில் ஏழாவது இடம் கிடைத்திருக்கிறது. 'பிற' என்பதற்குச் சற்று முன்னால். ஆறாவதோடு எழுந்து போய் விடாதீர்கள்.